பர்மா விடுதலைக் கால அரசியல் எழுத்தை வாசிக்கும் முறை: நாமா, நாங்களா?

பர்மாவின் விடுதலைப் போராட்டக் காலத்து உரையோ துண்டறிக்கையோ கையில் கிடைத்தால் பெரும்பாலோர் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை ஒரே மூச்சில் படித்துவிடுகிறார்கள். 'ஜனநாயகம்', 'தேசியம்' என்று வரும் இடங்களில் இன்றைய பொருளை ஏற்றிக்கொள்கிறார்கள். அப்படிப் படித்தால் 1920-இல் எழுதியதும் 1947-இல் பேசியதும் ஒரே குரலாகக் கேட்கும். உண்மையில் அந்த இருபத்தேழு ஆண்டுகளில் இரண்டு சொற்களும் பலமுறை பொருள் மாறின, ஒரே ஆளின் வாயிலேயே மாறின. அந்த மாற்றத்தைப் பிடிக்கத்தான் இந்தக் குறிப்பு. இதற்குப் பர்மிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து பர்மியச் சொற்கள் பழகினால் போதும். அவற்றில் பல பாலி வழியாக வந்தவை என்பதால் தமிழருக்கு முகம் தெரிந்தவைதான்.

ஒரு உரைக்கு மூன்று வாசிப்பு ஒதுக்குங்கள். முதல் வாசிப்பில் தேதி, எழுதியவர், மொழி, யாருக்காக எழுதியது என்பவை. இரண்டாவதில் சொற்கள் மட்டும். கருத்தைத் தொடுவது மூன்றாவதில்தான். நோட்டில் நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: சொல், அது வரும் இடம், யாரைச் சேர்த்துக்கொள்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது. கடைசிக் கட்டம் காலியாகவே கிடக்கப் பார்க்கும், ஏனென்றால் எழுதியவர் சொல்லாமல் விட்டது போய்ச் சேரவேண்டிய இடம் அது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்தைத் திருப்ப வேண்டாம்.

தேதி

மூல நூல்களில் பர்மிய ஆண்டுதான் இருக்கும். அதோடு 638 கூட்டினால் ஆங்கில ஆண்டு. ஆனால் பர்மியப் புத்தாண்டும் நம் சித்திரையைப் போல ஏப்ரல் நடுவில்தான் பிறக்கிறது. ஆகவே ஜனவரி முதல் ஏப்ரல் நடு வரை நடந்தவற்றுக்கு 639 கூட்டவேண்டும். ரங்கூன் பல்கலைக்கழகச் சட்டத்தை எதிர்த்து மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தது 1282, தசௌங்மோன் மாதத் தேய்பிறை. டிசம்பர் 1920 என்று சரியாக வரும். விடுதலை நாள் 1309. அதற்கும் 638 போட்டால் ஜனவரி 1947 என்று வந்துவிடும். அது விடுதலைப் போராட்டத் தலைவர் ஆங் சான் லண்டனில் பிரிட்டிஷ் பிரதமர் அட்லியோடு பேச்சு நடத்திக்கொண்டிருந்த மாதம். 639 போட்டால்தான் 4 ஜனவரி 1948. 'ஆயிரத்து முந்நூறு எழுச்சி' என்று எங்கேனும் பார்த்தால் மிரளவேண்டாம், 1938–39-தான் அது.

தேதி கிடைத்ததும் அதை எந்தக் காலத்துக்குள் வைப்பது என்று பாருங்கள். 1906-இல் தொடங்கிய இளைஞர் பௌத்த சங்கத்தின் காலத்தில் அரசியல் பேச்சு மதம், கல்வி, செருப்பு என்ற வட்டத்துக்குள் நடந்தது. கோயிலுக்குள் ஐரோப்பியர் செருப்போடு நுழையலாமா என்பதுதான் அன்றைய பெரிய அரசியல் கேள்வி. 1920-க்குப் பிறகு புறக்கணிப்பும் துறவிகளும் ஊர்ச் சங்கங்களும் வந்தன. 1930-இல் தோபமா என்ற இளைஞர்களின் தேசிய இயக்கம். 1 ஏப்ரல் 1937-இல் இந்தியாவிலிருந்து பிரிவினை. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர். பிறகு இரண்டரை ஆண்டுப் பேரமும் அரசியல் சட்டமும். ஒவ்வொரு எல்லையைத் தாண்டும்போதும் எதிராளி மாறுகிறான். எதிராளி மாறினால் 'நாம்' என்பதும் கூடவே மாறும்.

பெயரும் பட்டமும்

பர்மியருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் ஒட்டும் சொல்தான் காலத்தையும் தகுதியையும் காட்டிக்கொடுக்கும். ஆங் சானையே எடுங்கள்: 1936 மாணவர் வேலைநிறுத்தத்தின்போது கோ ஆங் சான். 'கோ' என்பது நாம் 'அண்ணன்' போடுவதைப் போல. 1938-இல் தோபமாவில் சேர்ந்ததும் தக்கின் ஆங் சான். ஜப்பானியரோடு படை திரட்டியபோது போ தேஜா. பிறகு போஜோக், அதாவது தளபதி. தேதி இல்லாத ஒரு தாளில் எந்தப் பட்டம் இருக்கிறது என்று பார்த்தாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும். 'தக்கின்' என்றால் எஜமான். வெள்ளைக்காரரை விளிக்கப் பயன்பட்ட சொல்லைப் பர்மிய இளைஞர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார்கள். நம் ஊரில் இளைஞர்கள் எல்லோரும் 'துரை' என்று போட்டுக்கொண்டு கடைவீதியில் நடந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 1938-இல் தக்கின்கள் கோடோ மைங் அணி, பா செய்ன் அணி என்று இரண்டாகப் பிரிந்ததையும் மனதில் வையுங்கள். 'தக்கின்கள் சொன்னார்கள்' என்று பொதுவாக எழுதினால் தப்பு அங்கேயே தொடங்குகிறது.

மொழியும் எழுத்துருவும்

அந்தக் காலத்துத் தலைவர்கள் இரண்டு மொழியிலும் எழுதினார்கள். ஆங்கிலத்தில் இருந்தால் அதைப் படித்தவர்களில் மாணவரும் அதிகாரியும் இருந்திருப்பார்கள், லண்டனும் இருந்திருக்கும். பர்மிய மொழியில் இருந்தால் அதைக் கேட்ட காதுகள் ஊர்ச் சங்கமும் மடமும். ஒரே ஆள் ஒரே மாதத்தில் இரண்டு தொனியில் எழுதியிருந்தால் உடனே இரட்டை வேடம் என்று முடிவுகட்டவேண்டாம், முன்னால் இருந்தது வேறு சபை.

பர்மிய மூலத்தை இணையத்தில் தேடுவோருக்கு ஒரு தொல்லை உண்டு. பழைய கோப்புகள் பல ஸாஜி என்ற எழுத்துருவில் இருக்கும். அது யூனிகோட் இடங்களையே எடுத்துக்கொண்டு வேறு முறையில் அடுக்குகிறது. அதனால் திரையில் சொல் தெரிந்தாலும் தேடினால் அகப்படாது, அல்லது குறிகள் இடம் மாறிக் கிடக்கும். பாமினியில் தட்டிய கோப்பை யூனிகோடாகத் திறந்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். மியான்மர் 1 அக்டோபர் 2019-இல்தான் அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முந்தைய கோப்பு என்றால் முதலில் மாற்றியில் போட்டு எடுங்கள், பிறகு தேடுங்கள்.

தெரிந்த முகம், வேறு பொருள்

தமிழ் வாசகர் தடுக்கி விழுவது பாலிச் சொற்களில்தான். தெரிந்த சொல் என்று நம்பி இறங்கினால் பள்ளம். இளைஞர் பௌத்த சங்கத்தின் காலத்து முழக்கம் 'அம்யோ, பாத்தா, தாத்தனா'. இதில் தாத்தனா நம் சாசனம். ஆனால் கல்வெட்டோ பத்திரமோ அல்ல, புத்தரின் சாசனம், பௌத்த நெறி முழுவதும். பாத்தா நம் பாஷை. ஆனால் பர்மிய மொழியில் அது மொழியையும் குறிக்கும், மதத்தையும் குறிக்கும். எது என்று முடிவுகட்ட அதே பத்தியில் இன்னொரு தடயம் வேண்டும். அம்யோ என்றால் இனம், குலம், வகை மூன்றும். இதை 'தேசம்' என்று மொழிபெயர்த்துவிட்டால், பிறப்பால் வருவது என்ற வாடை போய்விடும். 1920-களில் ஊரூராகப் பரவிய சங்கங்களின் பெயர் 'வுந்தானு'. இதன் முதல் பாதி வம்சம், தன் வம்சத்தைக் காப்பது என்று பொருள். நாட்டுப்பற்று என்று மட்டும் எழுதினால் வம்சம் காணாமல் போகிறது.

'நைங்ங்கான்' என்பது நாடு, அரசு. அதில் இருக்கும் 'நைங்' வெல்லுதலைக் குறிக்கும் வினை. 'தைங்யிந்தா' என்றால் மண்ணில் பிறந்தவர், பூர்வகுடி. 1945-க்குப் பிந்தைய எழுத்தில் அம்யோ இருக்கும் இடத்தையும் தைங்யிந்தா இருக்கும் இடத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது பெரும்பாலும் பெரும்பான்மையினரான பர்மன் இனத்தையும், இரண்டாவது சான், கச்சின், சின், கரென் எல்லோரையும் சேர்த்துக் கூப்பிடப் பயன்படும். இந்த இரண்டிலும் இடம் கிடைக்காதவர்கள் யார் என்று கடைசிக் கட்டத்தில் எழுதுங்கள். ரங்கூன் தெருவில் 1931-இல் நின்று எண்ணியிருந்தால் பாதிப் பேருக்கு மேல் அந்தக் கட்டத்தில் வந்திருப்பார்கள். அந்த ஆண்டுக் குடிக்கணக்கில் நகரின் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்.

'தனஷின்' என்ற சொல்லும் அப்படித்தான். தனம் உடையவர், முதலாளி. 1930-களின் எழுத்தில் இது மார்க்சியச் சொல்லாக மட்டும் வரவில்லை. நெல் விலை சரிந்த மந்தக் காலத்தில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930-இல் ஏறக்குறைய 6 சதவீதம், 1937-இல் 25 சதவீதம். பெரும்பகுதி கடனுக்கு ஈடாக வந்த நிலம். இதைத் தெரிந்துகொண்டு படித்தால்தான் 'முதலாளித்துவம்' என்று எழுதும் கை எந்த வீட்டுத் திண்ணையைப் பார்த்து எழுதுகிறது என்பது புரியும். இந்த இடத்தைக் கோபப்படாமலும் கூச்சப்படாமலும் படிக்கத் தமிழ் வாசகர் பழகவேண்டும்.

'நாம்' சோதனை

இந்த முறையின் நடுவில் இருப்பது இதுதான். ஆங்கிலத்தில் ஒரே ஒரு தன்மைப் பன்மை. பர்மிய 'தோ'வும் அப்படித்தான், கேட்பவரைச் சேர்த்தா விட்டா என்று சொல்லாது. தமிழில் தப்பிக்க வழியில்லை: நாம் என்று எழுதவேண்டும், அல்லது நாங்கள். ஆகவே ஒவ்வொரு தன்மைப் பன்மையையும் பென்சிலால் வட்டமிட்டு, மேலே ஒன்றை எழுதுங்கள். எழுதத் தயங்கும் இடம்தான் எழுத்தின் முடிச்சு.

ஒரு சிறிய தாளில் செய்து பார்ப்போம். மே 1930 கடைசியில் ரங்கூனில் கலவரம். தெலுங்குத் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் பர்மியரை வேலைக்கு இறக்கினார்கள். நிறுத்தம் முடிந்ததும் பர்மியரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடிதடி அங்கே தொடங்கிப் பல நாள் ஓடியது. அந்த நாட்களின் சூட்டிலேயே, தோபமாவைத் தொடங்கிய பா தௌங் வெளியிட்ட துண்டறிக்கையிலிருந்து தோபமாவின் முழக்கம் பிறந்தது: பர்மா 'தோ' நாடு, பர்மிய இலக்கியம் 'தோ' இலக்கியம், பர்மிய மொழி 'தோ' மொழி, நாட்டை நேசி, இலக்கியத்தை உயர்த்து, மொழியை மதி. கலவரம் தெரியாமல் படித்தால் 'நம் நாடு, நம் மொழி' என்று எழுதத் தோன்றும். மூன்றில் இரண்டு அடி மொழியைப் பற்றியவை என்பதையும், வெளியான வாரத்தையும் சேர்த்துப் பார்த்தால் தெருவின் எதிர்ப்பக்கம் நிற்பவர்களுக்கு அது 'எங்கள்'. உள்ளே நிற்பவர்களுக்கு 'நம்'. இரண்டையும் எழுதி, நடுவில் கோடு போடுங்கள். அந்தத் தாளில் தேர்தல் இல்லை, சட்டமன்றம் இல்லை, உரிமை இல்லை. தேசியம் இருக்கிறது, ஜனநாயகம் இன்னும் வரவில்லை. இது குற்றச்சாட்டல்ல, தாளின் அளவு அவ்வளவுதான்.

'தோபமா' (தோ + பமா) என்ற பெயரையும் இதே சோதனைக்கு உட்படுத்துங்கள். மியன்மா என்பது பர்மன் இனத்தை மட்டும் குறிக்கும், பமா என்பதுதான் எல்லா இனத்தையும் அணைக்கும் என்று அந்த இயக்கத்தார் வாதிட்டார்கள். 1989-இல் ராணுவ ஆட்சி நேர் எதிராகச் சொல்லி நாட்டின் பெயரை மியான்மர் ஆக்கியது. ஆக, சொல்லின் அகராதிப் பொருளை வைத்து யாரையும் மடக்கமுடியாது.

எட்டு ஆண்டு கழித்து அதே இயக்கத்தை எடுங்கள். எண்ணெய் வயல் தொழிலாளர்கள் யெனாஞ்சௌங், சௌக் பகுதிகளிலிருந்து ரங்கூனை நோக்கி நடந்த 1938-இல் 'தோ' என்பதற்குப் பாட்டாளி என்ற பொருளும் ஏறிக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் இந்தியருக்கும் முஸ்லிம்களுக்கும் எதிராகக் கலவரம். ஒரே ஆண்டு, ஒரே மொழி, இரண்டு 'நாம்'. எந்தத் தாளில் எது என்பது தேதியால் மட்டும் தெரியாது, பத்தியால்தான் தெரியும்.

ஜனநாயகத்தை எங்கே தேடுவது

சொல்லைத் தேடினால் ஏமாற்றம்தான். 'டிமோகரேசி' என்று பர்மிய எழுத்தில் இரவல் சொல்லாக வரும், அலங்காரமாகவும் வரும். அதற்குப் பதில் மூன்று கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். யார் தேர்ந்தெடுக்கிறார்? தேர்ந்தெடுத்தவரை எப்படி இறக்குவது? தோற்றவருக்கு என்ன மிஞ்சும்? மூன்றுக்கும் பதில் இருந்தால் அது ஜனநாயக எழுத்து, சொல் இல்லாவிட்டாலும்.

இதற்கு எதிர்மறையான தவறும் உண்டு. 1922-இல் இரட்டை ஆட்சித் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்ன துறவிகளின் பேச்சைப் படித்துவிட்டு, தேர்தலுக்கே எதிரானவர்கள் என்று எழுதுகிறார்கள். வாக்களித்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. புறக்கணிப்புக்கு அவ்வளவு பேர் இணங்கினார்கள் என்பதே ஒருவகை வாக்குதானே. அவர்கள் மறுத்தது, ஆளுநரின் கையில் சாவியை வைத்துவிட்டு நடத்திய சட்டமன்றத்தை. ராஜத்துரோகப் பிரிவு 124-ஏ எல்லோர் தலைமீதும் தொங்கியது என்பதையும் மறக்கவேண்டாம். துறவி ஊ ஒத்தமா 1921-இல் அதில்தான் சிறை போனார். இன்னொரு துறவி ஊ விசாரா 1929-இல் 166 நாள் உண்ணாநோன்பிருந்து ரங்கூன் சிறையில் இறந்தார். அதனால் அந்தக் காலத்து எழுத்தில் நேரடியாகச் சொல்லாதது நிறைய. குரங்கையும் நாயையும் பற்றி உரை எழுதுவதுபோல் அரசியலை எழுதிய 'டீகா' வகையே இருந்தது. நையாண்டி தென்பட்டால் சொற்பொருளை நம்பவேண்டாம்.

இரண்டு பட்டங்களை அருகருகே வைத்தால் இந்தக் கேள்விகள் கண்ணுக்குத் தெரியும்படி ஆகிவிடும். 1 ஆகஸ்ட் 1943-இல் ஜப்பானியர் தந்த 'விடுதலை'யில் நாட்டுத் தலைவரான பா மோவின் பட்டம் அதிபதி. பர்மிய உச்சரிப்பில் அடிபடி. முழக்கம்: ஒரே ரத்தம், ஒரே குரல், ஒரே ஆணை. ரத்தம் தேசியத்தின் பங்கு. ஆணையில் மூன்று கேள்விகளும் செத்துவிடுகின்றன. 1948-இல் நாட்டுத் தலைவரின் பட்டம் தம்மதா. அது பாலியின் சம்மத, நம் சம்மதம். மக்கள் தங்களுக்குள் நெல் திருடப்போய், சண்டை முற்றி, ஒருவரைத் தேர்ந்தெடுத்து நெல்லில் பங்கு கொடுத்து நடுவராக வைத்த பௌத்தக் கதையின் மகாசம்மதன்தான் இந்தச் சொல்லின் முன்னோன். 'எல்லோரும் ஒப்புக்கொண்டவர்'. அரசியல் சட்டப்படி அவரைத் தேர்ந்தெடுக்கவேண்டியது நாடாளுமன்றத்தின் இரு அவைகளின் கூட்டு அமர்வு, ரகசிய வாக்கில். ஐந்தாண்டு இடைவெளியில் அதிபதியிலிருந்து சம்மதத்துக்கு. இதை விளக்க வேறு பத்தி எழுதவேண்டியதில்லை.

அதே காலத்து இன்னொரு தாளைக் கவனமாகக் கையாளவேண்டும். 1941-இல் ஆங் சான் ஜப்பானில் இருந்தபோது எழுதியதாகச் சொல்லப்படும் ஆங்கிலத் திட்ட வரைவு ஒன்று, ஒரே தேசம், ஒரே அரசு, ஒரே கட்சி, ஒரே தலைவர் என்கிறது. அதை உண்மையில் எழுதியது யார் என்பதில் ஆய்வாளர்களிடையே வழக்கு இருக்கிறது. அவர் சர்வாதிகாரி என்பவர்களும் அவர் எழுதவே இல்லை என்பவர்களும் இந்தத் தாளைத்தான் பிடித்துத் தொங்குகிறார்கள். இதை மட்டும் வைத்து எதையும் நிறுவவேண்டாம். ஜனவரி 1946-இல் ஷ்வேடகோன் மலையில் நடந்த பாசிச எதிர்ப்பு மக்கள் விடுதலைக் கழக மாநாட்டில் ஆங் சான் ஆற்றிய தலைமையுரையைப் பக்கத்தில் வையுங்கள். மதம் தனிமனித மனசாட்சியைச் சேர்ந்தது, அதை அரசியலோடு கலக்கக்கூடாது என்று அதில் பேசுகிறார். அம்யோ, பாத்தா, தாத்தனா என்று மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்ட காலத்தோடு ஒப்பிட்டால் தூரம் தெரியும்.

பாங்லாங்: படிக்காமலேயே மேற்கோள் காட்டப்படும் தாள்

பர்மிய அரசுக்கும் எல்லைப் பகுதி இனங்களின் தலைவர்களுக்கும் இடையே 12 பிப்ரவரி 1947-இல் கையெழுத்தான பாங்லாங் ஒப்பந்தம் இரண்டு பக்கத்துக்குள் அடங்கும், ஒன்பது கூறுகள். தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடலாம். இருந்தும் அதில் இல்லாதவை எல்லாம் அதன் பெயரில் உலவுகின்றன. பிரிந்துபோகும் உரிமை அதில் இல்லை. 'கூட்டாட்சி' என்ற சொல்லும் இல்லை. ஐந்தாம் கூறு எல்லைப் பகுதிகளின் உள் நிர்வாகத் தன்னாட்சியைக் 'கொள்கையளவில்' ஏற்கிறது. கோடிடவேண்டியது அந்த ஒரு சொல்லின் கீழேதான். ஆறாம் கூறு தனிக் கச்சின் மாநிலம் 'விரும்பத்தக்கது' என்கிறது. ஏழாம் கூறு, ஜனநாயக நாடுகளில் அடிப்படை எனக் கருதப்படும் உரிமைகளை எல்லைப் பகுதி மக்கள் பெறுவார்கள் என்கிறது. உரிமைகளின் பட்டியல் இல்லை, 'ஜனநாயக நாடுகளில்' என்று வெளியே கைகாட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறது.

கையெழுத்திட்டவர்களின் பட்டியலுக்கு ஒரு தனி வாசிப்பு கொடுங்கள். பர்மிய அரசின் சார்பில் ஆங் சான். சான், கச்சின், சின் பிரதிநிதிகள். கரென்கள் பார்வையாளராக மட்டும் வந்தார்கள். ஏப்ரல் 1947 தேர்தலைக் கரென் தேசிய ஒன்றியம் புறக்கணித்தது. 'எல்லா இனங்களும் ஒப்புக்கொண்ட பாங்லாங்' என்று எழுதுவோர் இந்தப் பட்டியலைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பிரிந்துபோகும் உரிமை இருப்பது 24 செப்டம்பர் 1947-இல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் பத்தாம் அத்தியாயத்தில். பத்து ஆண்டு காத்திருக்கவேண்டும், மாநில மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், பிறகு மக்கள் வாக்கு. கச்சின் மாநிலத்துக்கு அது பொருந்தாது என்று தனிப் பிரிவு. அதே சட்டத்தில், நாடாளுமன்றத்தின் இரு அவைகளில் ஒன்றான இனங்களின் அவையில் 125 இடம்: சான் 25, கரென் 24, கச்சின் 12, சின் 8, கரென்னி 3, மீதிப் பகுதிகளுக்கு 53. கூட்டிப் பாருங்கள், பெரும்பான்மைப் பகுதிக்கு அந்த அவையில் பெரும்பான்மை இல்லை. ஆனால் பண மசோதா அங்கே தொடங்கமுடியாது. இரு அவையும் முரண்பட்டால் கூட்டு அமர்வு, அங்கே மற்ற அவை இரு மடங்கு பெரியது. எண்ணிக்கையில் கொடுத்ததை நடைமுறையில் எங்கே திரும்ப வாங்குகிறார்கள் என்று தேடும் பழக்கம் இத்தகைய சட்டங்களுக்கு அவசியம். மதத்தைப் பற்றிய 21-ஆம் பிரிவையும் முழுதாகப் படியுங்கள். முதல் உட்பிரிவு பௌத்தத்துக்குத் தனி இடம் தருகிறது, அடுத்தது இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம் முதலியவற்றை ஏற்கிறது, நான்காவது மதத்தை அரசியலுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. முதலாவதை மட்டும் மேற்கோள் காட்டுபவர் ஒரு கட்சி, நான்காவதை மட்டும் காட்டுபவர் இன்னொரு கட்சி.

கடைசியாக 11-ஆம் பிரிவு, குடியுரிமை. இங்கே நோட்டின் நான்கு கட்டங்களையும் ஒரே பிரிவை வைத்து நிரப்பிப் பழகலாம். முதல் உட்பிரிவுகள் பூர்வகுடிகளுக்கு, பிறப்பே போதும். நான்காவது உட்பிரிவு பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் பிறந்தவர்களுக்கு. சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் எட்டு ஆண்டு பர்மாவில் இருந்திருக்கவேண்டும், அல்லது 1 ஜனவரி 1942-க்கு முந்தைய பத்தில் எட்டு. நிலையாகத் தங்கும் எண்ணம் வேண்டும். அதோடு குடியுரிமை வேண்டும் என்று தானே முன்வந்து தெரிவிக்கவேண்டும். 1942 என்ற தேதி ஏன் என்று கேளுங்கள். ஜப்பானியப் படையெடுப்பின்போது நடந்தே அசாம் போய்ச் சேர்ந்தவர்களின் எட்டு ஆண்டுக் கணக்கு அறுந்துவிடாமல் இருக்க அது வழிவிடுகிறது. ஒருவருக்குப் பிறப்பே சான்று, இன்னொருவருக்கு எட்டு ஆண்டும் ஒரு விண்ணப்பமும். 19 ஜூலை 1947-இல் ஆங் சானோடு சுட்டுக்கொல்லப்பட்ட கல்வி அமைச்சர் ஊ ரசாக்கின் தந்தை இந்திய முஸ்லிம், தாய் பர்மியர். இந்தப் பிரிவின் மேல் பென்சிலை வைத்து, அவருக்கு நாம் என்று எழுதுவீர்களா, நாங்கள் என்று எழுதுவீர்களா என்று பாருங்கள். பிறகு ரங்கூனில் செட்டியார் கடைகள் இருந்த மொகல் தெருவில் கணக்குப்பிள்ளையாக இருந்தவருக்கு.